வேனுக்குள் சமையல்: ஏர் ஃபிரையரா, கேஸ் அடுப்பா?

வேனையே வீடாக்கிக்கொண்டு வேலூரிலிருந்து ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் கிளம்புகிறவர்கள் சமைக்கச் சூடான காற்றில் வறுக்கும் ஏர் ஃபிரையரா, கேஸ் அடுப்பா என்றுதான் திண்டாடுகிறார்கள்.

மின்சாரம்
ஏர் ஃபிரையர்: சுமார் 1,500 வாட் இழுக்கும், 20 நிமிடத்துக்கு அரை யூனிட். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பதே 1.2 யூனிட்தான். இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் இரண்டு முறை வறுத்ததும் பேட்டரி படுத்துவிடும். பெரிய இன்வெர்ட்டர், லித்தியம் பேட்டரி என்று உண்மையான செலவு அங்கேதான் இருக்கிறது.
அடுப்பு: 5 கிலோ சிலிண்டர் போதும்.

பாதுகாப்பு
ஏர் ஃபிரையர்: தீ இல்லை, எண்ணெய் தெறிப்பதில்லை.
அடுப்பு: ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும், கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் முன் வால்வை மூடி, சிலிண்டரை நிமிர்த்திக் கட்டியாக வேண்டும்.

சமையல்
ஏர் ஃபிரையர்: எண்ணெய் தடவிய முள்ளுக் கத்தரிக்காய் அருமையாக வேகும்.
அடுப்பு: சோறு, சாம்பார், காபி. இவற்றுக்கு வேறு வழி ஏது?

மின் இணைப்புள்ள விடுதி வளாகத்தில் நிறுத்துகிறவர்கள் ஏர் ஃபிரையரை வாங்கலாம். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் இணைப்பில்லாத இடத்தில் இரவு தங்குகிறவர்களுக்கு அடுப்புதான். என் வேனிலும் அதுவே. விடியற்காலைக் காபி இல்லாவிட்டால் எனக்கு மலை கண்ணில் படாது.