மேடையேறிய கணவரும் மேடையேறாத மனைவியும்

அமெரிக்க அதிபர் வேட்பாளரை ஒவ்வொரு கட்சியும் உட்கட்சித் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறது. 2004இல் ஜனநாயகக் கட்சியின் ஹோவார்ட் டீன் போட்டியிட்டபோது, மருத்துவரான அவர் மனைவி ஜுடித் ஸ்டைன்பெர்க் வெர்மான்ட்டில் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டிருந்தார். "மனைவி எங்கே?" என்று பத்திரிகைகள் குடைந்தன. அயோவா மாநில உட்கட்சி வாக்கெடுப்புக்கு முந்தைய நாள்தான் ஜுடித் அங்கே பிரசார மேடையேறினார். டீன் மூன்றாமிடம்.

2008இல் மனைவி ஹிலாரி அதே கட்சியின் ஒபாமாவை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் நின்றபோது, பில் கிளின்டன் நேர் எதிர். முன்னாள் அதிபர்; கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் தென் கரோலினாவில் ஒபாமா வென்ற நாளில், கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனும் அங்கே 1984, 1988இல் வென்றவர்தானே என்றார் பில். ஒபாமாவின் வெற்றியை வெறும் இன வாக்காகச் சுருக்குகிறார் என்று கறுப்பின வாக்காளர்கள் பலருக்கு அது சுட்டது. விளக்கம் சொல்லும் வேலை ஹிலாரி தலையில் விழுந்தது.

வேட்பாளராக இருந்தால் நான் ஜுடித்தையே விரும்புவேன். மனைவி வராததற்குப் பதில் சொல்லிவிடலாம். முன்னாள் அதிபரின் வாயை யார் அடக்குவது?