பழைய ஃபானக்குக்கு யூ.எஸ்.பி.-சீரியல் கேபிள்: எதை வாங்கலாம், எதை விடலாம்

ராணிப்பேட்டை சிப்காட்டிலோ காட்பாடிப் பக்கத்து ஷெட் ஒன்றிலோ ஃபானக் 0-எம், 0-டி, 18, 0ஐ கன்ட்ரோல் போட்ட சி.என்.சி. மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர்களுக்காக இது. ஸ்பிண்டிலும் பால் ஸ்க்ரூவும் நன்றாகத்தான் இருக்கும். புரோகிராம் ஏற்ற மட்டும் பெரும்பாலும் 25 பின் சீரியல் போர்ட்தான் வழி. இன்றைய லேப்டாப்பில் அந்தப் போர்ட் கிடையாது. நடுவில் ஒரு கன்வர்ட்டர் கேபிள் வேண்டும்.

கடையில் எத்தனை பெயரில் தொங்கினாலும் உள்ளே இருக்கும் சிப் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: சி.எச்.340, ப்ரோலிஃபிக் பி.எல்.2303, எஃப்.டி.டி.ஐ. எஃப்.டி.232ஆர். லேத்தில் இருபது, முப்பது வரி புரோகிராம் மட்டும் ஏற்றுகிறவருக்கு முந்நூறு ரூபாய் சி.எச்.340 போதும், கூடக் கொடுப்பது வீண். வி.எம்.சி.யில் (மில்லிங் சென்டரில்) மெமரி கொள்ளாத டை புரோகிராமை ட்ரிப் ஃபீடில், அதாவது லேப்டாப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பிக்கொண்டே, ஓட்டுகிறவர் எஃப்.டி.டி.ஐ.க்குக் கீழே இறங்கக் கூடாது. பி.எல்.2303-ஐ இரண்டு வேலைக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் டிரைவர். பி.எல்.2303-இன் பழைய எச்.எக்ஸ்.ஏ. ரகச் சிப்பையும் அதைப் பார்த்துச் செய்த போலிகளையும் புதிய டிரைவர் ஏற்பதில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வரும், '2012-லேயே நிறுத்தப்பட்ட சிப், விற்றவரைக் கேளுங்கள்' என்ற பொருளில் ஒரு வரி வரும். பழைய டிரைவரைப் போட்டால் வேலை செய்யும்தான். ஆனால் விண்டோஸ் அப்டேட் ஒரு ராத்திரியில் புதியதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடும், காலை ஷிஃப்ட்காரர் முழிப்பார். எஃப்.டி.டி.ஐ.யிலும் போலி உண்டு. 2014-ல் அந்த நிறுவனத்தின் டிரைவர் போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கி முடக்கியது பெரிய சண்டையானது. அதனால் எலிமென்ட்14, மவுசர், டிஜி-கீ மாதிரி இடத்தில் பில்லோடு வாங்குவது நல்லது.

சி.எச்.340-இல் அன்றாடம் எரிச்சல் தரும் விஷயம் ஒன்று: அதற்குத் தனி சீரியல் எண் இல்லை. லேப்டாப்பில் இடப்பக்க ஓட்டையிலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றிச் செருகினால் காம் 3 காம் 7 ஆகிவிடும், சாஃப்ட்வேர் 'போர்ட் இல்லை' என்று நிற்கும். ஒரே ஓட்டையில் செருகும்படி ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். எஃப்.டி.டி.ஐ. கேபிள் எங்கே செருகினாலும் அதே எண்ணில்தான் வரும்.

இப்போது ட்ரிப் ஃபீட். விலை வித்தியாசம் நியாயமாவது இங்கேதான். கன்ட்ரோலின் பஃபர் நிறையும்போது அது எக்ஸ்-ஆஃப் என்ற ஒரு எழுத்தை அனுப்பி 'நிறுத்து' என்கிறது. அதற்குப் பிறகு ஏறக்குறைய 10 எழுத்து வரைதான் பொறுக்கும், மீறினால் 087 அலாரம். 9600 வேகத்தில் 7 டேட்டா பிட், ஈவன் பேரிட்டி, 2 ஸ்டாப் பிட் என்றால் ஸ்டார்ட் பிட்டையும் சேர்த்து ஒரு எழுத்துக்கு 11 பிட், விநாடிக்குச் சுமார் 870 எழுத்து. 'நிறுத்து' என்ற செய்தி லேப்டாப் வரை போய்ச் சேர 16 மில்லி விநாடி ஆனால் அதற்குள் 14 எழுத்து போய்விடும். அலாரம் அடிக்கும். 4800-க்கு இறக்கினால் 7 எழுத்து, தப்பிக்கலாம். '9600-இல் நிற்கிறது, 4800-இல் ஓடுகிறது, மெஷின் போர்டு வீக்' என்று பழி போடுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள். எஃப்.டி.232ஆர் எக்ஸ்-ஆஃபைச் சிப்புக்குள்ளேயே பார்த்து நிறுத்திக்கொள்ளும், லேப்டாப் வரை போக வேண்டியதில்லை. அதற்கு டிவைஸ் மேனேஜரிலும் அனுப்பும் சாஃப்ட்வேரிலும் ஃப்ளோ கன்ட்ரோல் எக்ஸ்-ஆன்/எக்ஸ்-ஆஃப் என்றே இருக்க வேண்டும். அட்வான்ஸ்ட் பக்கத்தில் லேட்டன்ஸி டைமர் (வந்ததை லேப்டாப்புக்குத் தள்ளும் முன் சிப் காத்திருக்கும் மில்லி விநாடி) 16 என்று இருப்பதை 1 ஆக்குங்கள். லேப்டாப் தூங்கிப் போகாதபடி ஸ்லீப்பையும் யூ.எஸ்.பி. பவர் சேவிங்கையும் அணைத்துவிடுங்கள். பாதி கட்டில் டேட்டா நின்றால் கட்டர் ஜாபின் மேலேயே சுற்றிக்கொண்டு நிற்கும், அந்த இடத்தில் விழும் கோடு பாலிஷில் போகாது.

எந்தக் கன்வர்ட்டர் வாங்கினாலும் அதிலிருந்து மெஷின் வரை போகும் கேபிளை நீங்களேதான் சோல்டர் செய்ய வேண்டும். ரெடிமேட் கேபிள் வாங்காதீர்கள். ஃபானக் பேனலில் 25-ஆம் பின்னில் 24 வோல்ட் இருக்கிறது. எல்லாப் பின்னும் நேராகப் போகும் 25 பின் கேபிளைச் செருகினால் அந்த 24 வோல்ட் எதிர்முனையில் வந்து நிற்கும். தேவை மூன்றே கம்பி: லேப்டாப் பக்கம் 2-க்கு மெஷின் பக்கம் 2, 3-க்கு 3, 5-க்கு 7. மெஷின் பக்கம் 4-ஐயும் 5-ஐயும் சேர்த்து ஒரு ஜம்பர், 6, 8, 20 மூன்றையும் சேர்த்து இன்னொன்று. லேப்டாப் பக்கம் 7-8 ஒன்று, 1-4-6 ஒன்று. ஷீல்டு கேபிளாக எடுத்து, ஷீல்டை மெஷின் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள். நீளம் 15 மீட்டரைத் தாண்ட வேண்டாம், ஸ்பிண்டில் மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் இழுக்கவும் வேண்டாம். 086 அலாரம் வந்தால் 6-8-20 ஜம்பரில் சோல்டர் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். 085 வந்தால் வேகமோ பேரிட்டியோ இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை.

0ஐ-இல் பாராமீட்டர் 20-இல் 0, 101-இன் 0-ஆம் பிட் 1, 102-இல் 0, 103-இல் 10 என்றால் 4800, 11 என்றால் 9600. ஃபைல் % குறியில் தொடங்கி, அடுத்த வரியில் ஓ எண் (ஓ-வில் தொடங்கும் புரோகிராம் எண்), கடைசியில் மறுபடி %. புரோகிராம் ப்ரொடெக்ட் சாவியைத் திறந்து, எடிட் மோடில் முதலில் மெஷினை ரீடில் வையுங்கள். திரையில் எல்.எஸ்.கே. மின்னிய பிறகுதான் லேப்டாப்பில் சென்ட். டெரா டேர்ம் இலவசம், மெமரிக்குள் ஏற்ற அது போதும். 073 வந்தால் அந்த ஓ எண் மெமரியில் ஏற்கெனவே இருக்கிறது, 070 என்றால் இடமில்லை. கேபிள் வேலை செய்த அன்றே முதல் வேலையாகப் பாராமீட்டர் முழுவதையும் பஞ்ச் செய்து (மெஷினிலிருந்து வெளியே அனுப்பி) லேப்டாப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

கன்வர்ட்டர்கள் சாவதற்குப் பெரிய காரணம் எர்த். லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது, மெஷினும் ஆனில் இருக்க, கேபிளைச் செருகாதீர்கள். இரண்டு எர்த்துக்கும் இடையே உள்ள வோல்டேஜ் சீரியல் சிப் வழியாகத்தான் இறங்கும். புரோகிராம் ஏற்ற பேட்டரியில் ஓட்டினால் போதும். ட்ரிப் ஃபீட் மணிக்கணக்கில் போகும், சார்ஜர் இல்லாமல் முடியாது. அங்கே ஐசொலேஷன் உள்ள, அதாவது இரண்டு பக்கத்து மின்சாரத்தையும் ஒன்றோடொன்று தொடாமல் பிரித்து வைக்கும் கன்வர்ட்டர்தான் சரி. மோக்ஸா யூபோர்ட் 1150ஐ-இல் 2 கிலோ வோல்ட் ஐசொலேஷன் உண்டு, பெயரின் கடைசியில் உள்ள 'ஐ' விட்டுப்போன மாடலில் அது இல்லை. விலை கண்ணைக் கட்டும், கன்ட்ரோல் போர்டு ரிப்பேர் பில் அதைவிடக் கட்டும்.

சென்னை ரிச்சி தெருவில் வாங்குவதானால் லேப்டாப், மல்டிமீட்டர், ஒரு பேப்பர் கிளிப் எடுத்துக்கொண்டு போங்கள். கேபிளைச் செருகி, 9 பின் முனையை உங்களைப் பார்த்துப் பிடித்தால் மேல் வரிசையில் இடமிருந்து 1 முதல் 5 வரை ஐந்து பின். சும்மா இருக்கும்போது 3-க்கும் 5-க்கும் நடுவே மைனஸ் 5 வோல்ட் அல்லது அதைவிட அதிக மைனஸ் காட்ட வேண்டும். பிளஸ் காட்டினாலோ சைபர் காட்டினாலோ உள்ளே வோல்டேஜ் லெவல் மாற்றும் சிப் வைக்கவில்லை, அல்லது அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பிறகு 2-ஐயும் 3-ஐயும் கிளிப்பால் தொட்டுக்கொண்டு டெரா டேர்மில் டைப் செய்யுங்கள், அடித்த எழுத்து திரையில் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் பில் போடும் முன்பே கவுண்ட்டரில் வைத்துவிட்டு வாருங்கள்.