கொழிஞ்சாம்பாறையில் இரண்டு ஞாயிறு: ஆராய்ச்சிச் செலவுக் கணக்கு வகுப்பு

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள கஞ்சிக்கோட்டில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் நான் கணக்கு எழுதுகிறேன். எங்கள் ஆராய்ச்சிப் பிரிவின் செலவைக் கேட்டு வரும் அரசுப் படிவத்தை மூன்று முறை நிரப்பியிருந்தும், அதில் ஏன் அத்தனை கட்டங்கள், அந்தத் தொகை எந்தக் கணக்கில் போய்ச் சேர்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியாமலேயே இருந்தது. கொழிஞ்சாம்பாறையில் ஒரு பயிற்சி நிலையம் ‘நாட்டின் ஆராய்ச்சி, மேம்பாட்டுச் செலவை அளவிடுதல்’ என்ற தலைப்பில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தமிழில் வகுப்பு நடத்துவதாக அறிந்து, 800 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். நிலையத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன்.

பாடம் எடுத்தவர் ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியை. எங்கள் பக்கத்து வழக்கப்படி எல்லோரும் அவரை டீச்சர் என்றே அழைத்தோம். ரோமாபுரிக்கு அருகிலுள்ள ஃப்ராஸ்காட்டி என்ற ஊரில் 1963-இல் வல்லுநர்கள் கூடி இந்தக் கணக்கீட்டுக்கு விதி வகுத்ததையும், அவ்விதிகளைத் தொகுத்த கையேட்டின் ஏழாம் பதிப்பு 2015-இல் வந்ததையும் சில நிமிடங்களில் சொல்லி முடித்துவிட்டு, நேரே கரும்பலகைக்குப் போனார்.

அவர் எழுதிய கணக்கு இது. கோயம்புத்தூரில் ஒரு பம்பு நிறுவனம் தன் ஆய்வுக்கூடத்தில் 5 லட்சம் ரூபாய் செலவழிக்கிறது. பாலக்காட்டுக் கல்லூரி ஒன்றுக்கு ஆராய்ச்சி செய்ய 10 லட்சம் தருகிறது. கல்லூரி அதில் 2 லட்சத்துக்குரிய ஆய்வை ஜெர்மனியில் உள்ள ஓர் ஆய்வகத்தில் செய்து வாங்குகிறது. நாட்டின் மொத்த உள்நாட்டு ஆராய்ச்சிச் செலவு எவ்வளவு? நிறுவனம் சொல்லும் 15-ஐயும் கல்லூரி சொல்லும் 10-ஐயும் கூட்டி 25 என்றோம், நான் உட்பட வகுப்பில் பாதிப் பேர். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் ‘10’ என்ற எண்ணை உள்ளங்கையால் அழித்துவிட்டு, “பணம் கொடுத்தவரைக் கேட்காதீர்கள், வேலை செய்தவரைக் கேளுங்கள்” என்றார். நிறுவனம் தன் கூடத்தில் செய்தது 5, கல்லூரி உள்நாட்டில் செய்தது 8, ஆகமொத்தம் 13 லட்சம். நம் நாட்டுப் பணமே ஆனாலும் எல்லை தாண்டிய 2 லட்சம் இதில் சேராது. வெளிநாட்டுப் பணம் இங்கே வந்து இங்கேயே ஆராய்ச்சியாகச் செலவானால் அது சேரும். நம்மவர் பணம் எங்கே செலவானாலும் கணக்கிட வேண்டுமென்றால் அதற்குத் தேசியச் செலவு என்ற வேறோர் அளவு உண்டு. இந்த உதாரணத்தில் அது 15 லட்சம். தமிழ்நாடு-கேரள எல்லையான வாளையாரை அன்றாடம் கடந்து போய்வருகிற எங்களுக்கு இந்த எல்லைக் கணக்கு சட்டென்று பிடிபட்டது.

இரண்டாம் ஞாயிறு என் தவறுகள் இரண்டு வெளிப்பட்டன. ஆய்வுப் பிரிவுக்கு இயந்திரம் வாங்கிய தொகையை வாங்கிய ஆண்டிலேயே மூலதனச் செலவாக முழுமையாகக் காட்டிவிட்டு, பிறகு ஆண்டுதோறும் அதன் தேய்மானத்தையும் நடப்புச் செலவில் சேர்த்து வந்திருக்கிறேன். ஒரே இயந்திரம் இருமுறை எண்ணப்பட்டது. தேய்மானத்தைத் தொடவே கூடாது என்பது விதி. அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பம்பையும் ஓட்டிப் பார்க்கும் தரப் பரிசோதகரின் சம்பளத்தையும் ஆராய்ச்சியில் எழுதியிருந்தேன். புதுமை, படைப்புத்திறன், முடிவு முன்கூட்டித் தெரியாமை, முறைப்படி நடத்துதல், பிறர் எடுத்துச் செய்யக்கூடியதாக இருத்தல் ஆகிய ஐந்தும் பொருந்தினால்தான் ஆராய்ச்சி. வழக்கமான பரிசோதனை அதில் வராது.

இந்தியாவின் எண்களை டீச்சர் நிதானமாகவே விளக்கினார். ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கணக்குப்படி இச்செலவு 2010-11-இல் சுமார் 60,197 கோடி ரூபாய். 2020-21-இல் சுமார் 1,27,381 கோடி. இரட்டிப்பாகிவிட்டதே என்று பின் வரிசையில் ஒருவர் மகிழ்ந்தார். அது விலைவாசி உயர்வைக் கழிக்காத தொகை என்றும், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2020-21-இன் பங்கு 0.64 விழுக்காடுதான் என்றும் டீச்சர் காட்டினார். தென்கொரியாவும் இஸ்ரேலும் 4 விழுக்காட்டைத் தாண்டியவை. நம் செலவில் ஒன்றிய அரசு 43.7, தனியார் தொழில்துறை 36.4, உயர்கல்வி 8.8 விழுக்காடு.

அந்த உயர்கல்விப் பகுதியில்தான் வகுப்பு சறுக்கியது. ஒரு பேராசிரியரின் சம்பளத்தில் கற்பித்தலுக்கு எவ்வளவு, ஆராய்ச்சிக்கு எவ்வளவு என்று பிரிக்காமல் இந்த எண் பிறக்காது. அவர் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார் என்ற ஆய்வைக் கொண்டுதான் அந்த விகிதத்தைப் பெற வேண்டும். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் சித்தூர்ப் பக்கத்து ஆராய்ச்சி மாணவர்கள். அவர்களுக்கு மிகவும் வேண்டிய இந்தப் பாடம் கடைசிப் பத்து நிமிடத்தில் ஓடி முடிந்தது. தமிழ் வகுப்பு என்று விளம்பரம் செய்துவிட்டு, வகுப்புக் குறிப்புகளை ஆங்கிலத்தில் மட்டும், அதுவும் மங்கிய ஒளிநகலாகத் தந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. டீச்சர் பலகையில் எழுதிய தமிழ்ச் சொற்களே அதில் இல்லை.

போட்டித் தேர்வுக்கு நாலு எண்களை மனப்பாடம் செய்ய வருபவர்களுக்கு 800 ரூபாய் வீண். படிவம் நிரப்பும் என் போன்றவர்கள் போகலாம். போகும்போது தங்கள் நிறுவனத்தின் சொத்துப் பதிவேட்டின் நகலைக் கையோடு கொண்டுபோவது நல்லது. உணவு இடைவேளையில் கேட்டால் டீச்சர் வரிவரியாகப் பார்த்துத் தருகிறார்.