ஃபிக்மா: கிளையன்டின் கர்சர் எங்கே நிற்கிறது?

ஃபிக்மா, பிரவுசரிலேயே திறந்து டிசைன் செய்யும் மென்பொருள். அதைப் புகழ்கிறவர்கள் ஆட்டோ லேஅவுட், காம்பொனென்ட் போன்ற டிசைன் வசதிகளில்தான் தொடங்குவார்கள். எனக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். எட்டு வருடமாகத் தனியாக வெப் டிசைன் செய்கிறேன். இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது கமெண்ட் வசதிக்காக.

முன்பெல்லாம் டிசைனை பிடிஎஃப் ஆக்கி அனுப்புவேன். "மேல இருக்கிறதைக் கொஞ்சம் கீழ இறக்குங்க" என்று வாட்ஸ்அப்பில் பதில் வரும். எதை? சிலர் ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவார்கள்; வட்டத்துக்குள் மூன்று விஷயங்கள் இருக்கும். நான் ஒன்றைத் திருத்துவேன், அவர் சொன்னது வேறொன்றாக இருக்கும். இரண்டு பேருக்கும் எரிச்சல். இப்போது லிங்க் போதும். பிரவுசரிலேயே திறந்து, வேண்டிய இடத்தில் குத்தி எழுதிவிடுகிறார்கள். அதற்குக் கட்டணம் இல்லை, கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். முதல் தடவை மட்டும் நான் போனில் கூடவே இருப்பேன்.

ஒரே ஃபைலை இருவரும் திறந்திருந்தால் அவருடைய கர்சர், பெயரோடு என் திரையில் நகரும். ஒரு பிசியோதெரபிஸ்ட்டுக்கு அவருடைய கிளினிக் தளத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். "எல்லாம் நல்லாயிருக்கு தம்பி" என்றார். கர்சரோ 'நேரம் பதிவு செய்ய' பட்டனையே சுற்றிச் சுற்றி வந்தது.

"அந்தப் பட்டன்ல ஏதாவது உறுத்துதா சார்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "எங்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேருக்குக் கை நடுங்கும். இவ்வளவு சின்னதா இருந்தா எப்படி அழுத்துவாங்க?" என்றார். பட்டனின் உயரம் 28 பிக்சல். மாற்றுத்திறனாளிகளும் தளங்களைப் பயன்படுத்த வழிசெய்யும் டபிள்யூசிஏஜி 2.2 விதி (2023-இல் வந்தது) கேட்கும் குறைந்தபட்சம் 24 தான். விதிப்படி நான் பாஸ். 56 ஆக்கினேன். நான் கேட்டிருக்காவிட்டால் மரியாதைக்காக அவர் வாயே திறந்திருக்க மாட்டார்.

கமெண்டை 'முடிந்தது' என்று குறிக்கும் ரிசால்வ் பட்டனில் ஒருமுறை சூடு பட்டேன். ஒருவர் பதினோரு கமெண்ட் போட்டிருந்தார். ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் திருத்தி, ரிசால்வ் அழுத்திவிட்டுத் தூங்கப் போனேன். ரிசால்வ் செய்தவை பார்வையிலிருந்து மறைந்துவிடும். காலையில் போன்: "நான் சொன்னதையெல்லாம் அழிச்சிட்டீங்களா?" குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். தப்பு என்னுடையது. இப்போது "மாற்றிவிட்டேன், பாருங்கள்" என்று பதில் மட்டும் எழுதுகிறேன். ரிசால்வ் அழுத்துவது அவர்கள் வேலை. சிலர் அதை ரசித்தே செய்கிறார்கள்.

ஃபைலுக்கான லிங்கை அனுப்பினால் உள்ளே இருக்கும் எல்லாப் பக்கங்களும் தெரியும். உங்கள் அரைகுறை முயற்சிகளும்தான். கிளையன்டுக்கென்று தனி ஃபைல் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் புரோட்டோடைப், அதாவது நிஜத் தளம் போலவே அழுத்திப் பார்க்கக்கூடிய மாதிரி. பட்டனை அழுத்தினால் அடுத்த பக்கம் வருவதைப் பார்த்ததும், "முடிஞ்சிடுச்சே, நாளைக்கே போட்டுடலாமா?" என்பார்கள். ஒரு வரி கோடிங்கூட எழுதியிருக்க மாட்டேன். அதனால் முதல் பக்கத்திலேயே 'இது மாதிரிப் படம், தளம் இல்லை' என்று பெரிதாக எழுதி வைத்தேன். போன வாரம் அதன் மேலேயே ஒரு கமெண்ட் வந்திருந்தது: "இந்த எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்க முடியுமா?"