லயனல் 2338: சுரண்டி எடுத்த ஆரஞ்சுப் பட்டை

அமெரிக்க லயனல் நிறுவனத்தின் பழைய பொம்மை ரயில்களில் ஒன்றான 2338 ‘மில்வாக்கி ரோடு’ டீசல் எஞ்சினுக்குப் பணம் அனுப்பப் போகிறவர்கள் ஒரு நாள் பொறுத்து, இதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

“பட்டை முழுதாகச் சுற்றி வரும் அரிய வகை. அசல் அட்டைப்பெட்டியோடு. நிலை சி-7. நன்றாக ஓடுகிறது.” அப்படி ஒரு எஞ்சினுக்கு வந்த விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான் (சி-7 என்பது சேகரிப்பாளர்களின் தரவரிசையில் ஒரு நிலை). கூடவே ஆறு படங்கள். ஆறும் ஒரே பக்கம், தள்ளி நின்று எடுத்தவை. சாதாரண 2338-க்குக் கொடுப்பதைப்போலப் பல மடங்கு விலை. வந்து சேர்ந்ததைத் திருகு கழற்றிப் பார்த்தபோது நான்கு வாக்கியமும் பொய். பட்டை சுரண்டி உண்டாக்கியது. அட்டைப்பெட்டி மறுஅச்சு. அடிச்சட்டம் பேட்டரி கசிந்து அரித்துப்போனது. ஓட்டம் ஒரு திசையில் மட்டும், ஹார்ன் ஊமை. விற்றவரிடம் எழுதிக் கேட்டதற்கு வந்த பதில்: “எழுபது வருஷப் பொருள், அப்படித்தான் இருக்கும்.”

எழுபது வருஷத்தில் பெயின்ட் மங்கும், உதிரும். ஓட்டுநர் அறையில் மட்டும், பட்டையின் உயரத்துக்குச் சரியாக அளவெடுத்து உதிராது.

இந்த மோசடி ஏன் சுலபம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சிகாகோ, மில்வாக்கி, செயின்ட் பால் அண்ட் பசிபிக் ரயில்வேயை எல்லோரும் மில்வாக்கி ரோடு என்றுதான் சொல்வார்கள். இல்லினாய்ஸின் லா கிரேஞ்சில் தயாரான நிஜ ஜிபி-7 எஞ்சினைப் பார்த்து, 1955, 1956 ஆண்டுகளில் லயனல் ஓ கேஜ் என்ற பொம்மை ரயில் அளவில், தன் மூன்று தண்டவாளப் பாதைக்குச் செய்த பொம்மை 2338. மேலோடு ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. கருப்பு வேண்டிய இடங்களில் அதன்மேல் கருப்புப் பெயின்ட் தெளித்தார்கள். சாதாரண வகையில் ஆரஞ்சுப் பட்டை ஓட்டுநர் அறையை எட்டியதும் நின்றுவிடும், அறை முழுக்கக் கருப்பு. அரிய வகையில் பட்டை அறையையும் கடந்து சுற்றி வரும். ஆக, சாதாரண எஞ்சினின் கருப்புக்கு அடியில் ஆரஞ்சு ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஒரு இடத்தில் பெயின்ட்டைக் கரைத்து எடுத்தால் போதும், புதிதாக எதுவும் பூச வேண்டாம். புதுப் பெயின்ட்டைத் தேடிப் பழகிய கண் இங்கே ஏமாந்துபோவது இதனால்தான்.

முதலில் 10 மடங்கு லென்ஸ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் அறைச் சுவரில் வார்ப்பிலேயே வந்த ரிவெட் தலைகளையும் விளிம்புக் கோடுகளையும் பாருங்கள். கரைப்பான் தொட்டுத் துடைத்தால் மேடான இடத்துக் கருப்பு போய்விடும். ரிவெட்டின் அடியைச் சுற்றிய பள்ளத்தில் மெல்லிய கருவளையம் தங்கும். அந்த வளையத்தையும் எடுக்க ஊசியால் குடைந்தால் பிளாஸ்டிக்கில் கீறல் விழும். உப்புத்தாள் போட்டால் ரிவெட் தலை தட்டையாகும். கை படாத ஓட்டில் பட்டைப் பகுதியின் ரிவெட்கள் எஞ்சினின் மற்ற ரிவெட்களைப்போலவே கூராக, வார்ப்பின் இயல்பான பளபளப்போடு இருக்கும். அறைச் சுவர் மட்டும் மங்கலாகவோ, மெழுகு தேய்த்ததுபோல அதிகமாக மின்னியோ தெரிந்தால் அங்கே யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள்.

அடுத்தது கருப்பும் ஆரஞ்சும் சேரும் ஓரம். தொழிற்சாலையில் மறைப்பு வைத்துத் தெளித்த ஓரத்தில் லென்ஸில் பார்த்தால் லேசான தூவல் இருக்கும். அந்தத் தூவல் எஞ்சின் நெடுக ஒரே தன்மையில் போகும். நாடா ஒட்டிக் கரைத்து எடுத்த ஓரம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும், அல்லது கரைப்பான் நாடாவுக்கு அடியில் புகுந்து பல்பல்லாக அரித்திருக்கும். நீண்ட மூடியின் (ஓட்டுநர் அறையை அடுத்த நீளமான பகுதி) பக்கவாட்டு ஓரத்தையும் ஓட்டுநர் அறை ஓரத்தையும் ஒரே படத்தில் வைத்து ஒப்பிட்டால் வித்தியாசம் ஒரு நிமிடத்தில் பிடிபடும்.

எழுத்துகளைப் பற்றி ஒன்று. சூடாக்கிய அச்சை அழுத்திப் பதிக்கும் முறையில் பிளாஸ்டிக் ஒரு துளி அமுங்கும். மேலே இருந்த நிறத்தைத் துடைக்கலாம், அமுங்கல் போகாது. விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் படுக்க வைத்து வெளிச்சம் பாய்ச்சினால் பழைய அச்சின் நிழல் எழுந்து நிற்கும். மேற்படி எஞ்சினைக் கடைசியில் காட்டிக்கொடுத்தது இதுதான்.

மேலோட்டைக் கழற்ற முடிந்தால் இன்னொரு சோதனை. ஒளி ஊடுருவும் ஆரஞ்சு ஓடாக இருந்தால் உள்ளே டார்ச் வைத்து வெளியிலிருந்து பாருங்கள். தேய்த்த கோடுகள் ஒரே திசையில் மயிரிழைகளாகப் பளிச்சிடும். பள்ளங்களில் தங்கிய கருப்பு புள்ளிபுள்ளியாகத் தெரியும். கழற்றும்போது இரு முனைகளிலும் உள்ள திருகுத் துளைகளைக் கவனியுங்கள். ஜிபி வகை ஓடுகள் விரிசல் விடும் முதல் இடம் அதுதான், திருகை முறுக்கி இறுக்கியவர்கள் புண்ணியத்தில். விரிசலைப் பசையால் ஒட்டி, மேலே கருப்பு மார்க்கர் தடவியிருப்பார்கள். மார்க்கர் மை சாய்வெளிச்சத்தில் ஊதா கலந்து மின்னும், பெயின்ட் அப்படி மின்னாது.

இனி அடிச்சட்டம். ஹார்னுக்காக இந்த எஞ்சினுக்குள் டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய ‘டி’ அளவுப் பேட்டரிக் கட்டை ஒன்று உட்காரும். பரணில் ஏற்றியவர்கள் கட்டையை எடுக்க மறந்தால், துத்தநாகக் கூடு ஓட்டையாகி உள்ளே இருக்கும் உப்புக் கலவை எஃகின் மேல் வழியும். அப்புறம் குழிகுழியாகத் துரு. வெறும் மேற்பரப்புத் துருவைத் துடைத்துவிடலாம், குழித்துருவை நிரப்பித்தான் மறைக்க முடியும். பேட்டரி இடம் மட்டும் புதுக் கருப்பாக, மற்ற இடமெல்லாம் சாம்பலேறிய கருப்பாக இருந்தால் விஷயம் விளங்கிவிடும். பிற்காலத்து அல்கலைன் கட்டை கசிந்திருந்தால் வெள்ளைப் பொருக்கு. அதை வினிகர் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். பழைய கார்பன்-துத்தநாகக் கட்டையின் கசிவுக்குச் சமையல் சோடா கரைத்த தண்ணீர். மாற்றிப் பயன்படுத்தினால் ஒன்றும் தீராது.

“சி-7” என்று எழுதுகிறவர்கள் அதற்குப் பொருள் தெரிந்துதான் எழுதுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் 1954 முதல் இயங்கும் டிரெயின் கலெக்டர்ஸ் அசோசியேஷனின் தரவரிசையில் சி-7 என்றால் எல்லாம் அசல், மிக நுண்ணிய கீறல்கள் இருக்கலாம், துரு இல்லை, குறைந்த பாகம் இல்லை. அங்கங்கே மேற்பரப்புத் துருவும் சிறு பாக மாற்றமும் சி-6-க்குத்தான் அனுமதி. குழித்துரு பிடித்த சட்டத்தை சி-7 என்பது கருத்து வேறுபாடு ஆகாது, பொய்.

“நன்றாக ஓடுகிறது” என்பதையும் பிரித்துக் கேட்க வேண்டும். முன்னே போகிறதா? கரண்ட்டை நிறுத்திக் கொடுத்தால் சும்மா நிற்கிறதா? மறுபடி நிறுத்திக் கொடுத்தால் பின்னே போகிறதா? முன், நடு, பின், நடு என்ற இந்த வரிசையை நடத்துவது உள்ளே இருக்கும் ஈ-யூனிட் என்ற சுவிட்ச். அது சிக்கினால் வண்டி ஒரே திசையில் மட்டும் ஓடும், விற்பவர் அந்த ஒரு திசையை மட்டும் காணொளியில் காட்டுவார். ஹார்ன் தனிக் கதை: டிரான்ஸ்ஃபார்மரின் ஹார்ன் பொத்தானை அழுத்தினால் ஏசி மின்சாரத்தோடு கொஞ்சம் டிசி கலந்து வரும், அதற்கு ஒரு ரிலே மூடும், அப்போதுதான் பேட்டரி ஹார்னை ஒலிக்க வைக்கும். ரிலே முனை அரித்திருந்தால் புதுக் கட்டை போட்டாலும் சத்தம் வராது.

அட்டைப்பெட்டி விஷயத்தில் நிறையப் பேர் அலட்சியமாக இருக்கிறார்கள். பெட்டிக்கென்றே தனி விலை உண்டு, அதனால் தனி மோசடியும் உண்டு. அசலில் ஆரஞ்சும் நீலமும் தனித்தனி மையில் முழு நிறமாக அச்சானவை. ஸ்கேன் செய்து அச்சிட்ட நகலில் லென்ஸ் வைத்தால் பல வண்ணப் புள்ளிகள் தெரியும். உட்புற அட்டை பழுப்பேறாமல், மடிப்பு ஓரங்கள் தேயாமல், வெளியே மட்டும் செயற்கையாக அழுக்கேற்றியிருப்பதும் அடையாளம். புற ஊதா டார்ச்சில் உட்புறம் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். ஒளிராதது மட்டுமே அசலுக்குச் சான்று ஆகிவிடாது. மறுஅச்சுப் பெட்டி விற்பதில் தவறில்லை, அதைச் சொல்லி விற்கும்வரை.

அமெரிக்க மத்திய மேற்கு ரயில்வேக்களைச் சேகரிப்பவர்கள் இதே கண்ணோடு பார்க்க வேண்டியவை இன்னும் சில. ராக் ஐலண்டின் வெள்ளி நிறச் சரக்குப் பெட்டி 6464-175 வழக்கமாக நீல எழுத்தில் வரும், கருப்பு எழுத்து அரிது. நீலத்தின் மேல் கருப்பு ஏற்றியிருந்தால் எழுத்தின் ஓரத்தில் நீலம் எட்டிப் பார்க்கும். மினியாபோலிஸ் அண்ட் செயின்ட் லூயிஸின் 2348 ஜிபி-9 ரகம். அதன் கூரையில் தனித் துண்டாகப் பொருத்திய விசிறி மூடி கழன்று தொலைவது சகஜம், மாற்றுத் துண்டின் நிறம் கூரையோடு ஒட்டாது. 1956-ன் மில்வாக்கி ரோடு எஃப்-3 டீசல் எஞ்சின் ஜோடி, 2378, இரண்டு வண்டிகளும் ஒன்றாகவே காலம் கழித்தவை என்றால் நிறம் ஒரே அளவில் மங்கியிருக்கும். ஒன்று மட்டும் பளிச்சென்றிருந்தால் மறுதயாரிப்பு ஓடோ என்று பாருங்கள்.

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய லயனல் 250இ ‘ஹியவாதா’ எஞ்சின் வேறு வகை ஆபத்து. நிஜ ஹியவாதா 1935 மே 29-ல் சிகாகோவுக்கும் இரட்டை நகரங்களுக்கும் (மினியாபோலிஸ், செயின்ட் பால்) இடையே ஓடத் தொடங்கிய மில்வாக்கி ரோடு ரயில். லயனல் அதே வருடம் பொம்மையை இறக்கி 1942 வரை விற்றது. சாம்பல், ஆரஞ்சு, மெரூன் நிறத்தில், 782, 783, 784 பெட்டிகளோடு அழகுக்குக் குறைவே இல்லை. ஆனால் உடல் துத்தநாகக் கலவை வார்ப்பு. அந்தக் கலவையில் சிறிது ஈயம் சேர்ந்துவிட்டாலும் போதும், உலோக மணிகளின் இடைவெளி வழியாக அரிப்பு உள்ளுக்குள் பரவும். வார்ப்பு உப்பும், வளையும், முதலைத் தோல்போல வெடிக்கும், பிறகு பிஸ்கட்டைப்போல உதிரும். ஈரமும் வெப்பமும் இதை வேகப்படுத்தும். மருந்து கிடையாது. புதுப் பெயின்ட் பூசி வெடிப்பை மறைத்து விற்பதுதான் இங்கே நடக்கிற வேலை. சக்கரங்களின் ஓரத்தைப் பாருங்கள், நேர்ச்சட்டத்தை உடலின் மேல் நீளவாட்டில் வைத்துப் பாருங்கள், பெயின்ட் ஏறாத உட்புறத்தின் படத்தைக் கேளுங்கள். 1980-களின் பிற்பகுதியில் லயனல் பெயரிலேயே மறுவெளியீடும் வந்தது. அதன் பாகங்களைப் பழைய உடலில் மாட்டி முழு அசல் என்று தலையில் கட்டுவதும் உண்டு.

பணம் போகும் முன் கேட்க வேண்டிய படங்கள்: இரு பக்கமும் நேராக, இரு முனைகளிலும் திருகுத் துளை நெருக்கத்தில், அடிப்பக்கம் முழுதாக, பேட்டரி இடம், மேலோட்டைக் கழற்றிய உட்புறம், அட்டைப்பெட்டியின் எல்லா மடல்களும் உள்ளும் புறமும். முன்-நடு-பின் வரிசையும் ஹார்னும் வெட்டில்லாத ஒரே காணொளியில். நேர்மையான விற்பனையாளருக்கு இது இருபது நிமிட வேலை, பலர் கேட்காமலே அனுப்புவார்கள். “மேலோடு கழற்றத் தெரியாது” என்று சொல்பவர் அரிய வகைக்கான விலையைக் கேட்க முடியாது.

தமிழ்நாட்டுக்கோ இலங்கைக்கோ வரவழைப்பவர்கள் டிரான்ஸ்ஃபார்மரை மறக்க வேண்டாம். லயனலின் இசட்-டபிள்யூ, கே-டபிள்யூ போன்றவை 115 வோல்ட், 60 சைக்கிள் மின்சாரத்துக்குச் செய்தவை. நம் 230 வோல்ட் ப்ளக்கில் நேராகச் செருகினால் கருகிவிடும். 275 வாட் இசட்-டபிள்யூவுக்குக் குறைந்தது 500 வாட் இறக்கு டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள். 50 சைக்கிளில் கூடுதலாகச் சூடேறும் என்பதால் முழுச் சுமை கொடுக்காதீர்கள். ஒயரின் ரப்பர் உறை வெடித்திருந்தால் மாற்றிவிட்டுத்தான் சோதனை.

மேற்படி எஞ்சினுக்குப் பணம் கடன் அட்டையில் போனதால்தான் திரும்பி வந்தது. “கட்டணம் மிச்சமாகும், நண்பருக்கு அனுப்புவதுபோல பேபாலில் அனுப்பிவிடுங்கள்” என்று விற்றவர் முதலில் கேட்டிருந்தார். அந்த வழியில் அனுப்பும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. புகாரோடு கொடுத்தவை: பார்சலைப் பிரித்த நேரத்துப் படங்கள், அச்சு நிழலைக் காட்டும் சாய்வெளிச்சப் படம், விளம்பரப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, “அப்படித்தான் இருக்கும்” என்ற பதில். வந்த பார்சல் பெட்டியையும் உள்ளடைப்பையும் எறியாமல் வைத்திருந்ததால் அதே பொதியில் திருப்பி அனுப்ப முடிந்தது.

எஞ்சின் இப்போது மறுபடி விற்றவர் கையில். அது மீண்டும் விற்பனைக்கு வரும், அடையாளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முனைத் திருகுத் துளையிலிருந்து கீழிறங்கும் சுமார் 8 மில்லிமீட்டர் விரிசல், பசைக்கோட்டோடு. ஓட்டுநர் அறையின் ஒரு பக்கப் பட்டையில் ரிவெட் வரிசையை ஒட்டி மூன்று ஊசிக் கீறல்கள், நடுக்கீறல் நீளமானது. பேட்டரி இடத்தில் காசளவு குழித்துரு, மேலே தூரிகையால் பூசிய கருப்பு. பெட்டியின் ஒரு மடலில் அச்சுப் புள்ளிகளுக்கு மேலேயே தேநீர்க் கறை.