பென் டிரைவுக்கு எந்தப் பூட்டு? பிட்லாக்கர், வெராகிரிப்ட், செவன்-ஜிப் மூன்றையும் வைத்துப் பார்த்தது

கானாடுகாத்தானில் இருக்கும் எங்கள் பொது வீட்டுக்கு இன்றைய தேதியில் பதினெட்டுப் பங்கு. பங்காளிகளில் பாதிப் பேர் சென்னை, கோயம்புத்தூர் பக்கம், மீதிப் பேர் சிங்கப்பூர், கோலாலம்பூர். ஓடு மாற்றுவதோ வரி கட்டுவதோ, வீட்டு விஷயமாக எது வந்தாலும் காகிதம் கேட்டு எனக்குத்தான் போன் வரும். அதனால் போன வருடம் அப்பச்சியின் இரும்புப் பெட்டியில் இருந்த பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, ஆளாளுக்குக் கொடுத்த பவர் பத்திரம், கூடவே எல்லோருடைய ஆதார், பான் நகல் என்று மொத்தத்தையும் ஸ்கேன் செய்து ஒரு 16 ஜிபி பென் டிரைவில் போட்டு வைத்தேன். பாஸ்வேர்டு எதுவும் போடவில்லை.

ஒருநாள் காரைக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பட்டாவைப் பிரிண்ட் எடுத்துவிட்டு, பென் டிரைவைக் கணினியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் காலையில்தான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். கடைப் பையன் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துக் கவிழ்த்தான். ஏழெட்டு பென் டிரைவ், எல்லாம் இப்படி விட்டுப்போனவை. "இதுல எதுண்ணே உங்களுது?" என்று கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாகச் செருகித் திறந்து காட்டினான். யாரோ ஒரு பெண்ணின் சான்றிதழ்கள். யாருடைய பாஸ்புக்கோ, முதல் பக்கம் போட்டோவோடு. ஒரு குழந்தையின் காதுகுத்துப் படங்கள். நான்காவதாக என்னுடையது: எங்கள் பதினெட்டுப் பங்கின் கையெழுத்தும் கைரேகையும் அந்தத் திரையில் விரிந்தன. பையன் மேல் எந்தத் தப்பும் இல்லை, அவன் பத்திரமாகத்தான் எடுத்து வைத்திருந்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு வயிறு கலங்கியது இன்னும் அப்படியே நினைவில் இருக்கிறது.

அதன்பிறகு இரண்டு மாதம் ஒவ்வொரு வழியாகப் போட்டுப் பார்த்தேன். பலரும் எது பலமான பூட்டு என்றுதான் ஒப்பிடுகிறார்கள். நான் பார்த்தவரை, ஒழுங்கான நிரல் எதை எடுத்தாலும் பலம் போதும், முட்டி உடைக்கிற பூட்டு இல்லை. வித்தியாசம் எல்லாம் அந்த பென் டிரைவ் எந்தக் கணினியில், யார் கையில் திறக்கப்படப் போகிறது என்பதில்தான் இருக்கிறது. எங்கள் ஆட்களையே எடுத்துக்கொள்ளுங்கள். என் லேப்டாப்பில் விண்டோஸ் புரோ. தேவகோட்டை அம்மான் வீட்டில் விண்டோஸ் ஹோம். கோலாலம்பூர் அண்ணனிடம் மேக். சிங்கப்பூர்த் தங்கச்சியிடம் போன் மட்டும்தான். இந்த நாலு பேரையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில், பூட்டே இல்லாதவற்றைத் தள்ளிவிடுவோம். ஃபோல்டரை மறைத்து வைப்பது பாதுகாப்பு இல்லை. பென் டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் வந்தபோது ஃபைல் எல்லாம் காணாமல் போய், பிறகு யாரோ வந்து ஒரு டிக்கை எடுத்ததும் அத்தனையும் திரும்பி வந்ததே, அதே மறைப்புதான் இதுவும். ஃபோல்டருக்குப் பூட்டுப் போடுகிறோம் என்று சொல்லும் இலவச மென்பொருள்களில் பல இதையேதான் வேறு முகத்தோடு செய்கின்றன. வேர்டில் 'திருத்தத் தடை' போடுவதும் பூட்டு ஆகாது. ஃபைலைத் திறக்கவே பாஸ்வேர்டு கேட்கும்படி போட்டால் மட்டும் குறியாக்கம், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி உள்ளே இருப்பதை மாற்றி எழுதுவது, நடக்கும், அதிலும் 2007க்கு முந்தைய பழைய டாக் வடிவம் பலவீனமானது. பிடிஎஃபிலும் இதே கதைதான், திறக்கும் பாஸ்வேர்டு வேறு, பிரிண்ட் எடுக்கத் தடை போடும் பாஸ்வேர்டு வேறு. இன்னொன்று, இ-ஆதார் பிடிஎஃபுக்கு ஏற்கெனவே பாஸ்வேர்டு இருக்கிறதே என்று நம்பி விட்டுவிடாதீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் அது என்பது ஊரில் எல்லா ஜெராக்ஸ் கடைக்கும் தெரியும். பக்கத்து ஃபைலிலேயே பெயரும் பிறந்த தேதியும் இருந்தால் அது பூட்டே இல்லை.

பிட்லாக்கர் விண்டோஸோடு வருவது. பென் டிரைவுக்கான வடிவம் 2009இல் விண்டோஸ் 7இல் வந்தது. டிரைவின் மேல் ரைட் கிளிக், பிட்லாக்கரை இயக்கு, குறைந்தது எட்டு எழுத்தில் ஒரு பாஸ்வேர்டு, அவ்வளவுதான் வேலை. உள்ளே இருக்கும் ஃபைல் அழியாது, அப்படியே குறியாக்கம் ஆகும். ஹோம் பதிப்பில் இதைப் போட முடியாது, ஆனால் வேறு எங்காவது போட்டு வந்ததைத் திறக்க முடியும். இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அம்மான் வீட்டுக் கணினியில் செருகியதும் பாஸ்வேர்டு கேட்டது, போட்டதும் திறந்தது, நிர்வாகி அனுமதி எதுவும் கேட்கவில்லை. வயதானவர்களுக்கு இதைவிட எளிதாக ஒன்றைக் கொடுக்க முடியாது. ஆனால் மேக் தானாக இதைத் திறக்காது, தனியாக ஒரு மென்பொருள் போட வேண்டும். போனில் சாதாரணமாக நடக்காது. அப்புறம் அந்த 48 இலக்க மீட்பு எண். பாஸ்வேர்டு மறந்தால் அது ஒன்றுதான் வழி, அதை அதே பென் டிரைவிலோ அதே லேப்டாப்பிலோ வைத்தால் சாவியைப் பூட்டுக்குள் வைத்த மாதிரிதான். நான் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன்.

இங்கே ஒரு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே இதைத் தெரியாமல் செய்துவிட்டேன். பிட்லாக்கர் போடும்போது 'பயன்படுத்திய இடம் மட்டும்' என்றும் 'முழு டிரைவும்' என்றும் இரண்டு வழி கேட்கும். முன்னது சீக்கிரம் முடியும் என்று அதைத் தட்டிவிட்டேன். புது டிரைவுக்கு அது சரி. ஏற்கெனவே திறந்தபடி ஃபைல் வைத்திருந்த டிரைவுக்கு அது போதாது. நாம் அழிக்கிற ஃபைல் உடனே போய்விடுவதில்லை, அதன் பெயர் மட்டும் பட்டியலிலிருந்து நீங்குகிறது, சரக்கு அங்கேயே கிடக்கும், மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட்டினால் வெளியே வந்துவிடும். அதிலும் ஃபிளாஷ் நினைவகம் சீக்கிரம் தேய்ந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு முறையும் வேறு வேறு செல்லில் எழுதும் பழக்கம் உடையது, பழையதன் மேலேயே எழுதி அழிப்பது என்பது அதில் நிச்சயம் இல்லை. பழைய டிரைவ் என்றால் முழு டிரைவும் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் காத்திருங்கள். அதைவிட நல்லது, புது பென் டிரைவ் வாங்கி முதலில் பூட்டைப் போட்டு, அதன் பிறகு பத்திரத்தை ஏற்றுவது.

வெராகிரிப்ட் பற்றி எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ட்ரூகிரிப்ட் என்ற பழைய நிரலிலிருந்து 2013இல் பிரிந்து வந்தது. அந்தப் பழையது 2014 மே மாதம் நின்றுபோனது, இது தொடர்கிறது. இலவசம், நிரலை யாரும் திறந்து படிக்கலாம், 2016இல் வெளியாட்கள் தணிக்கை செய்து சொன்ன ஓட்டைகளில் பெரும்பாலானவற்றை அடைத்தும் கொடுத்தார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இதில் முழு டிரைவையும் பூட்டலாம், அல்லது டிரைவுக்குள் ஒரே ஒரு பெரிய ஃபைலை உண்டாக்கி அதைத் தனி டிரைவ் போலத் திறந்து மூடலாம். எங்கள் பக்கத்து வீடுகளில் வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் இரட்டை அறை இருக்கும் அல்லவா, முகப்பு எல்லோருக்கும் திறந்தே கிடக்கும், அறைச் சாவி மட்டும் அவரவர் இடுப்பில். அந்த இரண்டாவது வழி அப்படித்தான், பென் டிரைவின் மற்ற இடத்தைச் சாதாரணமாக யாரும் பயன்படுத்தலாம். டிரைவ் ஃபேட்-32 வடிவத்தில் இருந்தால் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது, எக்ஸ்ஃபேட் ஆக்கிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

இத்தனை நல்லதும் எங்கள் குடும்பத்தில் எடுபடவில்லை. முழு டிரைவையும் வெராகிரிப்டில் பூட்டி அம்மானிடம் கொடுத்திருந்தேன். அவர் செருகியதும் விண்டோஸ் அதை அடையாளம் தெரியாத டிரைவ் என்று நினைத்து, ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது. அவர் நல்லவேளையாகப் போன் செய்தார். "தம்பி, என்னமோ ஃபார்மேட்டுன்னு கேக்குது, சரின்னு போடட்டுமா?" நான் அப்போது பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன், வேண்டாம் அம்மான், வேண்டாம், கையை எடுத்துருங்க என்று கத்தியதில் பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு இடைஞ்சல், இது ஓடுவதற்கு அந்தக் கணினியில் நிர்வாகி அனுமதி வேண்டும், கையோடு எடுத்துப் போகிற வடிவத்துக்கும் வேண்டும். வக்கீல் ஆபீஸ், வங்கி, கல்லூரி லேப் போன்ற இடங்களில் அது கிடைக்காது. தினமும் ஃபைலைத் திறந்து திருத்துகிறவர், தன் சொந்தக் கணினி ஒன்றிரண்டில் மட்டும், விண்டோஸ் ஹோம் வைத்திருக்கிறார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெராகிரிப்ட் என்று சொல்வேன். நாலு ஊரில் நாலு வயதில் இருக்கிறவர்களுக்கு அது ஆகாது.

செவன்-ஜிப் எளிமையானது, 1999இலிருந்து இருப்பது, இலவசம். எல்லா ஃபைலையும் ஒரே கட்டாகக் கட்டி ஏஇஎஸ்-256 குறியாக்கத்தில் பாஸ்வேர்டு போட்டுவிடும். நீங்கள் போடும் பாஸ்வேர்டை அது 5,24,288 முறை அரைத்துத்தான் சாவியாக்குகிறது, அதனால் ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்க்கிறவனுக்கு ஒவ்வொரு முறையும் நேரம் பிடிக்கும். மேக்கில் கேகா, ஆண்ட்ராய்டில் இசட்-ஆர்க்கைவர் என்று திறப்பதற்கு ஆப் உண்டு. ஆனால் கட்டும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். வடிவம் செவன்-இசட் என்று இருக்க வேண்டும். ஜிப் என்று மாற்றினால் அது தானாகப் பழைய ஜிப்கிரிப்டோ முறைக்குப் போய்விடும், அதை உடைக்கும் வழியை 1994லேயே இரண்டு ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். அடுத்து, 'ஃபைல் பெயர்களையும் குறியாக்கு' என்ற கட்டத்தில் டிக் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் உள்ளே நுழைய முடியாவிட்டாலும் பெயர்ப் பட்டியல் தெரியும். இன்னாருடைய வாரிசுச் சான்று, இன்னாருடைய பவர் பத்திரம் என்று பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இதன் குறை, உள்ளே இருக்கும் ஒன்றைத் திறந்தால் பூட்டில்லாத பிரதி ஒன்று அந்தக் கணினியின் தற்காலிக ஃபோல்டரில் இறங்கும். மூடினால் பெரும்பாலும் அழியும், ஆனால் அழிந்தது மீளும் என்பதை மேலேயே சொன்னேன். அடிக்கடி திருத்துகிற கணக்கு ஃபைலுக்கும் இது ஒத்துவராது. பத்திரம் என்பது ஒருமுறை ஸ்கேன் செய்தால் மாறாத பொருள், அதற்கு இது கச்சிதம்.

பொத்தான் வைத்த பென் டிரைவ்களும் இருக்கின்றன, டிரைவின் மேலேயே எண்ணை அழுத்தித் திறப்பது. எந்தக் கணினியிலும் மென்பொருள் இல்லாமல் வேலை செய்யும், கணினியில் பாஸ்வேர்டு தட்டவே வேண்டாம் என்பது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் சாதாரண டிரைவின் விலையைப் போலப் பல மடங்கு. பல மாடல்களில் பத்து முறை தப்பாக அழுத்தினால் உள்ளே இருப்பது நிரந்தரமாகப் போய்விடும். இதே மாதிரி பத்து வாய்ப்பு மட்டும் தரும் ஒரு டிரைவில் ஸ்டீஃபன் தாமஸ் என்ற, ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் வாழும் நிரலாளரின் 7,002 பிட்காயினுக்கான சாவி மாட்டிக்கொண்டது, எட்டு முறை தவறிவிட்டது, இரண்டே வாய்ப்பு மிச்சம் என்று 2021இல் உலகமெங்கும் செய்தி வந்தது. பதினெட்டுப் பேர் கையில் மாறி மாறிப் போகும் டிரைவுக்கு இந்த ஆபத்தை நான் ஏற்கத் தயாராக இல்லை.

ஆக, நான் செய்திருப்பது இது. என் கையில் இருக்கும் மூல டிரைவ் பிட்லாக்கரில், முழு டிரைவும் பூட்டி. பங்காளிகளுக்குப் போகிறது செவன்-ஜிப் கட்டாக, புது பென் டிரைவில். ஒரே டிரைவை நம்புவதில்லை, இன்னொரு பிரதி வீட்டில் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, ஏனென்றால் பூட்டிய டிரைவ் கெட்டுப்போனால் மீட்பது சாதாரண டிரைவைவிடக் கஷ்டம். ஜெராக்ஸ் கடைக்கு இவை எதுவுமே போவதில்லை. அதற்கென்று 4 ஜிபியில் ஒரு பழைய பென் டிரைவ், அன்றைக்குப் பிரிண்ட் எடுக்க வேண்டிய ஒரே ஃபைல் மட்டும் அதில். ஊரார் கணினியில் பாஸ்வேர்டைத் தட்டினால், தட்டுகிற எழுத்தையெல்லாம் குறித்துக்கொள்ளும் நிரல் அதில் இருக்கிறதா இல்லையா என்று நமக்கு எப்படித் தெரியும், அங்கே எந்தப் பூட்டும் காப்பாற்றாது.

பாஸ்வேர்டு விஷயம் ஒன்று. தமிழ் எழுத்தில் வைக்காதீர்கள், வேறு கணினியில் தமிழ் விசைப்பலகை இருக்காது. தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொல்லாகக் கோத்து வைத்தால் ஆயாவுக்கும் சொல்லிக்கொடுக்கலாம். நகரத்தார் ஒன்பது கோவிலில் உங்கள் கோவில் எது, வீட்டு விலாசம் என்ன, இவையெல்லாம் வேண்டாம், நம்மைத் தெரிந்த யாருக்கும் அவை தெரியும். எங்களுடையதை வாட்ஸ்அப் குழுவில் போடவில்லை, ஒவ்வொருவருக்கும் போனில் கூப்பிட்டுச் சொல்லி, எதிர்ப்பக்கம் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அந்தப் பாஸ்வேர்டும் 48 இலக்க எண்ணும் எழுதிய காகிதம் இரண்டு உறையில் இருக்கிறது. ஒன்று பொது வீட்டில் எங்கள் உள் அறைப் பெட்டியில், மூலப்பத்திரத்துக்கு அடியில். இன்னொன்று அம்மானிடம். முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு வருகிறது, அதற்கு எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள், அன்றைக்குப் பட்டகசாலையில் உட்காரவைத்து, அவரவர் போனிலும் லேப்டாப்பிலும் அவரவர் கையாலேயே ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லப் போகிறேன்.