அதே பேனல், இரண்டு பேட்டரி: எது எவ்வளவு நேரத்தில் நிறையும்?

லெட் ஆசிட் பேட்டரியின் ஆயுள் முடிந்ததும் அதே இடத்தில் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றை வைத்தேன். பேனல் பழையதுதான், 200 வாட். பேனலின் முழுத் திறனையும் எடுத்துப் பேட்டரிக்கு ஏற்ற வோல்டேஜில் தரும் எம்பிபிடி சார்ஜ் கண்ட்ரோலரும் பழையதே. பேட்டரிகள் இரண்டும் 12 வோல்ட், 100 ஏஎச் (ஆம்பியர்-மணி, கொள்ளளவின் அளவு). மற்றதெல்லாம் அப்படியே இருக்க பேட்டரி மட்டும் மாறியதால், "சோலாரில் பேட்டரி நிறைய எவ்வளவு நேரமாகும்?" என்ற கேள்விக்கு இரண்டும் எப்படி வேறு வேறு பதில் தருகின்றன என்று கவனிக்க முடிந்தது. என் சாய்வு லித்தியம் பக்கம் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். முக்கியக் காரணம், அதில் போட்ட கணக்குப்படியே சார்ஜ் ஆகிறது.

எடையில் லித்தியம் பாதிக்கும் குறைவு. தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ஆரம்பச் செலவு அதிகம். இவை எல்லோருக்கும் தெரிந்தவை, நேரக் கணக்குக்குப் போவோம்.

முதலில் இரண்டுக்கும் பொதுவான பகுதி. பேனலில் எழுதியிருக்கும் 200 வாட் என்பது சோதனைக்கூட நிலையில் அளந்தது: சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, செல்லின் வெப்பம் 25 டிகிரி. வெயிலில் காயும் பேனலின் செல் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் குறையும் என்று வைத்தால், 12 சதவீதம் அதிலேயே போய்விடும். தூசி, வயர், கண்ட்ரோலர் இழப்புகளையும் கழித்து, நல்ல உச்சி வெயிலில் 150 வாட் என்று கொண்டால் ஏமாற்றம் இருக்காது. 13.5 வோல்ட்டில் அது சுமார் 11 ஆம்பியர்.

அடுத்து, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இந்த 11 ஆம்பியர் கிடைக்கும்? காலை முதல் மாலை வரை ஏறி இறங்கும் வெயிலை முழு வெயிலாகச் சுருக்கிச் சொல்வதுதான் உச்ச வெயில் மணி. சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 யூனிட் (கிலோவாட்-மணி) ஒளி விழுந்தால் 5 உச்ச மணி. ஐரோப்பிய ஆணையத்தின் பிவிஜிஐஎஸ், அமெரிக்காவின் பிவிவாட்ஸ் ஆகிய இலவசக் கருவிகளில் நம் இடத்தைக் குறித்தால் மாதவாரியாக எண் வரும். ஆண்டு சராசரியை எடுக்காதீர்கள், மோசமான மாதத்தின் எண்ணை எடுங்கள். இங்கே உதாரணத்துக்கு 5 மணி என்றே வைத்துக்கொள்கிறேன்.

இப்போது இரண்டு பேட்டரியிலிருந்தும் இரவில் 50 ஏஎச் எடுத்துவிட்டோம் என்று வைப்போம்.

லித்தியத்தின் கணக்கு ஒரு வரி. உள்ளே போகும் ஆம்பியரில் ஏறக்குறைய 99 சதவீதம் சேமிப்பாகிறது. 50ஐ 11ஆல் வகுத்தால் நாலரை உச்ச மணி. 5 மணி வெயில் உள்ள நாளில் மாலைக்குள் நிறைந்துவிடும். பேனலை இரட்டிப்பாக்கினால் நேரம் பாதியாகும். கிட்டத்தட்ட நிறையும் வரைக்கும் பேட்டரி அதே வேகத்தில் வாங்கிக்கொள்கிறது. 22 ஆம்பியர் கொடுத்தாலும் 100 ஏஎச் லித்தியத்துக்கு அது நிதானமான சார்ஜ்தான்.

லெட் ஆசிட்டில் இதே வகுத்தல் பாதி தூரம்தான் வரும். 50லிருந்து 80 சதவீதம் வரை பல்க் கட்டம். கண்ட்ரோலர் கொடுக்கும் கரண்ட் முழுவதையும் பேட்டரி ஏற்கும். 30 ஏஎச், கொஞ்சம் இழப்பு, ஆக ஏறக்குறைய 3 உச்ச மணி. அதற்கப்புறம் வோல்டேஜ் 14.4ஐத் தொட்டு, அதை அங்கேயே நிறுத்தி வைக்கும் அப்சார்ப்ஷன் கட்டம் தொடங்குகிறது. இங்கிருந்து வேகத்தைத் தீர்மானிப்பது பேட்டரி, பேனல் அல்ல. சார்ஜ் இறங்கும்போது தகட்டில் உருவாகும் லெட் சல்பேட்டில், மேற்பரப்பில் இருந்தது முதலிலேயே மாறிவிட்டது. மிச்சம் தகட்டின் நுண்துளைகளுக்கு உள்ளே இருக்கிறது. அமிலம் அந்தத் துளைகளின் வழியாக ஊர்ந்து பரவும் வேகத்தில்தான் அதுவும் மாறும். 11 ஆம்பியராக இருந்த கரண்ட் 6, 4, 2 என்று இறங்கிக்கொண்டே போகும். கடைசி 20 சதவீதத்துக்கு 4, 5 மணி நேரம் பிடிக்கும். கணக்கில் வெறும் 20 ஏஎச், 11 ஆம்பியரில் 2 மணி நேரம்கூட ஆகாதே என்று தோன்றும் பகுதி இதுதான்.

இதில் பலர் தவறவிடும் விஷயம், இந்த 4, 5 மணி நேரம் உச்ச வெயில் மணி இல்லை, கடிகார மணி. பேனலை இரட்டிப்பாக்கினால் பல்க் கட்டம் சுருங்கும். ஆனால் கரண்ட் கூடினால் 14.4 வோல்ட்டை பேட்டரி இன்னும் சீக்கிரமே, இன்னும் குறைவாக நிறைந்த நிலையிலேயே தொட்டுவிடும். மீதியை அப்சார்ப்ஷன்தான் மெதுவாக முடிக்க வேண்டும். ஆக, பேனலைக் கூட்டினால் லெட் ஆசிட்டுக்கு ஓரளவுதான் நேரம் மிச்சம்.

இதை ஒரு நாளின் மீது வைத்துப் பாருங்கள். 5 உச்ச மணி உள்ள நாளில் நண்பகலுக்குள் வந்து சேர்வது இரண்டரை மணிதான். பல்க் கட்டம் முடியவே நண்பகல் தாண்டிவிடும். அப்புறம் 4, 5 மணி நேர அப்சார்ப்ஷன் என்றால் மாலை வெயில் சாய்வதும் பேட்டரி நிறைவதும் ஒன்றையொன்று துரத்தும். காலையில் ஒரு மணி நேரம் மேகம் மூடினால், அல்லது பகலில் ஒரு மின்விசிறி ஓடினால் அன்று பேட்டரி நிறையாது. ஒரு நாள் நிறையாவிட்டால் பரவாயில்லை. வாரக்கணக்கில் 90 சதவீதத்திலேயே நின்றால் மாறாத சல்பேட் கெட்டிப்பட்டு, கொள்ளளவே குறையத் தொடங்கும். லெட் ஆசிட்டில் நேரக் கணக்கு ஆயுள் கணக்கும்கூட என்பது இதனால்தான். லித்தியத்தைப் பாதி நிறைந்தபடியே நாள்கணக்கில் விட்டாலும் அதற்குக் கெடுதல் இல்லை. மழைக்காலத்தில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

லெட் ஆசிட்டில் பச்சை விளக்கையும் அப்படியே நம்ப முடியாது. பல கண்ட்ரோலர்களில் அப்சார்ப்ஷன் நேரம் 2 மணி என்று முன்பே பதிந்திருக்கும். அது முடிந்ததும், நிறைந்த பேட்டரியைக் குறைந்த வோல்டேஜில் அப்படியே வைத்திருக்கும் ஃப்ளோட் கட்டத்துக்குப் போய் "ஃபுல்" என்று காட்டும். உண்மையில் நிறைந்ததா என்று அறிய, 14.4 வோல்ட் நிற்கும்போது கரண்ட் 1 அல்லது 2 ஆம்பியருக்கு இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வோல்டேஜையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம், வெயில் இறங்கினாலும் கரண்ட் இறங்குமே. தண்ணீர் ஊற்றும் வகை என்றால் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் நம்பகமானது.

லித்தியத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். பெரும்பகுதி நேரம் வோல்டேஜ் 13.2 பக்கத்திலேயே நிற்பதால், மீட்டரை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடியாது. உள்ளே வெளியே போகும் ஆம்பியரை எண்ணும் ஷன்ட் மீட்டர் தனியாகத் தேவை. லெட் ஆசிட்டில் ஓய்வு நிலையில் 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி என்று ஒரு குத்துமதிப்பாவது கிடைக்கும். அடுத்தது, லித்தியத்தில் 80 ஏஎச் வரை எடுக்கலாம் என்பதால் எடுத்துவிடுவோம். 80ஐ 11ஆல் வகுத்தால் 7 மணிக்கு மேல், ஒரு நாளில் முடியாது. இதற்குத் தீர்வு எளிது, இன்னொரு பேனல். பூஜ்ய டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யவே கூடாது. நான் வெப்பமான இடத்திலேயே பயன்படுத்தியவன், உறையும் குளிரில் என் பரிந்துரையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். லெட் ஆசிட்டிலும் நான் சொல்வதெல்லாம் தண்ணீர் ஊற்றும் வகையைப் பற்றியது. ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடியிழைப் பாயில் உறிஞ்சி வைத்த, மூடிய லெட் ஆசிட் வகை) கொஞ்சம் வேகமாக வாங்கும் என்பார்கள், நான் வைத்துப் பார்த்ததில்லை.

எப்போதாவது மின்தடைக்கு மட்டும் தேவைப்படும் பேட்டரிக்கு லெட் ஆசிட் போதும். மற்ற நாளெல்லாம் ஃப்ளோட்டில் நிறைந்தே இருக்கும், நிறைய எவ்வளவு நேரமானால் என்ன?

தினமும் சோலாரில் லெட் ஆசிட்டை ஓட்டுகிறவர்கள் பகல் வேலைகளைப் பிற்பகலுக்குத் தள்ளிப் பாருங்கள். அப்சார்ப்ஷனில் பேட்டரி 4 ஆம்பியர்தான் கேட்கும்போது, வெயில் நன்றாக இருந்தால் பேனல் தரக்கூடிய மீதி சும்மா போகிறது. மோட்டாரோ மிக்ஸியோ அப்போது ஓடினால், பேனல் தாங்கும் அளவுக்குள் இருக்கும்வரை சார்ஜ் தாமதமாகாது. காலையில் ஓட்டினால் பல்க் கட்டத்திலிருந்து நேரடியாகப் பிடுங்கியதாகும். கண்ட்ரோலரில் அப்சார்ப்ஷன் நேரத்தை மாற்ற முடிந்தால், பேட்டரி தயாரிப்பாளர் சொல்லும் வரம்புக்குள் 4 மணி வரை கூட்டி வையுங்கள். லித்தியத்துக்கு மாறுகிறவர்கள் அதே கண்ட்ரோலரில் ஈக்வலைசேஷனையும் (லெட் ஆசிட்டுக்காக அவ்வப்போது வேண்டுமென்றே கூடுதல் வோல்டேஜ் கொடுப்பது) வெப்பநிலைக்கு ஏற்ப வோல்டேஜ் மாற்றும் அமைப்பையும் முதல் வேலையாக நிறுத்திவிடுங்கள்.